கட்டளை எழுதக் கற்ற கணித ஆசிரியர்

1944ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்டு பேரோசையுடன் இயங்கிக்கொண்டிருந்த எந்திரம் ஒன்றின்முன் கிரேஸ் ஹாப்பர் நின்றார். அதன் பெயர் மார்க் 1. அவருக்கு அப்போது அகவை 37. கணினியை அவர் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

நியூயார்க் நகரில் 1906இல் பிறந்த ஹாப்பர், யேல் பல்கலைக்கழகத்தில் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கணினியியல் என்னும் படிப்பு அன்று எங்கும் இல்லை. வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தபோது, பிற துறைப் பேராசிரியர்களின் வகுப்புகளிலும் மாணவரைப்போல அமர்ந்து பாடம் கேட்டார். தம் மாணவியரைக் கணிதத்தைக் கட்டுரையாக எழுதச்செய்து, மொழிநடையையும் திருத்தினார். கணித வகுப்பில் மொழிப்பயிற்சி எதற்கு என்று அவர்கள் முறையிட்டும் அவர் இசையவில்லை. அவருடைய பிற்காலப் பணிக்கான வித்து இங்கேயே இருந்தது எனலாம்.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. அகவை மிகுதி, எடை குறைவு என்னும் தடைகளைக் கடந்து ஹாப்பர் கடற்படையில் சேர்ந்தார். அது அவரை ஹார்வர்டுக்கு அனுப்பியது. திட்டத் தலைவர் ஹோவர்டு அய்க்கன் கணக்கு ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரத்திற்குள் விடை வேண்டும் என்றார். கற்பிக்க ஆசிரியர் இல்லை. படிக்க நூலும் இல்லை. அங்குப் பணியாற்றிய இளைஞர்களான ரிச்சர்டு பிளாக், ராபர்ட் கேம்பெல் ஆகியோரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றார். எந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, எங்கே சேர்ப்பது, அதனை என்ன செய்வது என ஒவ்வொரு செயலும் காகித நாடாவில் துளைகளாக இடப்பட வேண்டும். ஒரு துளை இடம் மாறினாலும் விடை பிழைபடும். தாம் பட்ட இடரைப் பின்வருவோர் படாதிருக்க வழியும் பிறந்தது. அய்க்கனின் ஆணைப்படி அவர் எழுதிய விளக்க நூல் 500 பக்கங்களைக் கடந்து 1946இல் வெளிவந்தது.

சரியாக இயங்கிய கட்டளைத் தொகுதிகளை அவரும் நண்பர்களும் குறிப்பேடுகளில் எழுதிவைத்துப் பகிர்ந்துகொண்டனர். ஆனால், படியெடுக்கும்போதெல்லாம் பிழைகள் புகுந்தன. படியெடுக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைத்தால் என்ன என்று எண்ணினார் ஹாப்பர். 1949இல் பிலடெல்பியா சென்று யுனிவாக் கணினிக் குழுவில் இணைந்த அவர், 1952இல் அவ்வெண்ணத்தை நிறைவேற்றினார். ஏ-0 எனப்பட்ட அந்நிரல், சேமித்துவைத்த கட்டளைத் தொகுதிகளைத் தானே தேடிக் கோத்தது. இன்றைய நிரல்பெயர்ப்பிகளுக்கு அதுவே முன்னோடி. கணினி கணக்கிடுமேயன்றி நிரல் எழுதாது என்று கூறி, பலர் அதனை முதலில் நம்பவில்லை.

அடுத்து, வணிகத்துறையினர் குறியீடுகளைக் கண்டு அஞ்சுவதை உணர்ந்து, சொற்களாலேயே கட்டளையிடும் மொழியை உருவாக்க முனைந்தார். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று மறுத்தனர் மேலாளர்கள். மொழி எதுவாயினும் கணினிக்கு அது வெறும் குறிகளே என்று காட்ட, பிரெஞ்சு, செருமானியச் சொற்களாலும் கட்டளைகளை அமைத்துக் காட்டினார். மேலாளர்கள் மேலும் மிரண்டதுதான் மிச்சம்! ஆயினும் ஃபுளோமேட்டிக் மொழி உருவாயிற்று. 1959இல் குழுவொன்று வடிவமைக்கத் தொடங்கிய கோபால் மொழிக்கு அது அடிப்படையாயிற்று. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் கோபாலைப் பல்லாண்டுகள் பயன்படுத்தின.

1986இல் தம் 79ஆம் அகவையில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஹாப்பர், 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார். முதுமையிலும் ஊர்தோறும் சென்று உரையாற்றியபோது, ஏறத்தாழ ஓரடி நீளக் கம்பித்துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுசெல்வார். நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவு இவ்வளவே என்று விளக்கி, அவற்றைக் கேட்போரிடம் கொடுத்துவிடுவார்.