கரைக்கும் கப்பலுக்கும் நடுவே

இராயபுரத்துக் கரையில் நின்று நோக்குவார்க்கு இன்று கற்சுவர்களும் பாரந்தூக்கிகளும் புலப்படும். ஆன் ஜட்சன் அம்மையார் சென்னைக்கு வந்த 1813ஆம் ஆண்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றதே 1875இல்தான். கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து மக்களைக் கரைசேர்க்கும். ஆணி அறைந்த படகை உடைத்தெறியும் அவ்வலைக்கு, தென்னங்கயிற்றால் பலகை தைத்த இப்படகு நெகிழ்ந்து கொடுக்கும். நம் படகோட்டிகளின் அந்தக் கைத்திறனுக்குத் தனியே ஒரு நூல் எழுதலாம்.

1789இல் அமெரிக்காவின் பிராட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் பிறந்த அம்மையார், பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். 1812 பிப்ரவரி 5இல் அதோனிராம் ஜட்சனை மணந்தார். பதினான்கே நாளில் சமயத்தொண்டுக்கெனக் கணவருடன் கப்பலேறினார். அவருடைய இல்லறம் கப்பலிலேதான் தொடங்கிற்று எனலாம். உடன் வந்த தோழி ஹாரியட் நியூவெல், மொரீசியசு செல்லும் வழியில் கடலிலேயே பெண்மகவை ஈன்று பறிகொடுத்து, அவ்வாண்டு நவம்பரில் தாமும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இத்துயரை அறிந்தே ஆன் தம் முதற் கருவைச் சுமந்தார்.

1813 ஜூன் 4ஆம் நாள் மொரீசியசிலிருந்து இணையர் சென்னை வந்தனர். கறுப்பர் நகரத்தில் வாழ்ந்த லவ்லெஸ் குடும்பத்தார் இடமளித்தனர். எனினும் நீடித்துத் தங்க இயலவில்லை. இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டிருந்த காலம் அது. கம்பெனி ஆட்சியார் அவர்களை நாடுகடத்தக்கூடும். புறப்பட ஆயத்தமாயிருந்த கப்பலோ ஒன்றே. இரங்கூனுக்குச் செல்லும் ஜார்ஜியானா என்னும் பழுதுற்ற பழங்கலம் அது. நிறைமாதக் கருவுடன் ஜூன் 22இல் ஆன் அதில் ஏறினார். துணைக்கென அமர்த்திய ஐரோப்பியப் பணிப்பெண், ஏறிய சிறிது நேரத்திலேயே விழுந்து உயிர்நீத்தாள்.

தென்மேற்குப் பருவக்காற்று உரத்து வீசும் திங்கள் அது. மருத்துவர் இல்லை, தாதி இல்லை. ஆடும் கலத்தில் கணவர் ஒருவரே உதவ, குழந்தை உயிரின்றிப் பிறந்தது. அதனைக் கடல் ஏற்றது. தாயும் பிழைப்பது அரிதென்ற நிலை. அப்போது காற்று கப்பலைத் திசைமாற்றிப் பெரிய அந்தமானுக்கும் சிறிய அந்தமானுக்கும் இடைப்பட்ட நீரிணைக்குள் தள்ளிற்று. மாலுமிகள் நடுங்கிய இடம் அது. ஆனால் தீவுகள் காற்றை மறித்தமையால் நீர் அமைதியுற்றது. அந்த அமைதியே அம்மையாரின் உயிரைக் காத்தது. ஜூலை நடுவில் இரங்கூன் அடைந்தபோது அவரால் நடக்க இயலவில்லை. நாற்காலியில் அமர்த்திப் பர்மியர் நால்வர் சுமந்து சென்றனர்.

அத்துடன் சென்னைக் கடல் அவரை விடவில்லை. 1815 ஜனவரியில் மருத்துவம் நாடித் தனியே மீண்டும் இங்கு வந்தார். மருத்துவருக்கு அனுப்பிய 70 ரூபாய் திரும்பி வந்தது. அவர் கட்டணம் ஏற்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பிறந்த மகன் ரோஜர் எட்டு மாதமே வாழ்ந்தான். 1817 இறுதியில் சிட்டகாங் நோக்கிச் சென்ற கணவரின் கப்பலை எதிர்க்காற்று அலைக்கழித்தது. அவர் மசூலிப்பட்டினத்தில் கரையேறித் தரைவழியே சென்னை சேர்ந்து, ஊர் திரும்பக் கப்பலின்றி மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார். அங்கே இரங்கூனில் வாந்திபேதி. போர் வருமென்ற வதந்தி. உடனுழைத்தோர் வற்புறுத்தக் கப்பலேறிய ஆன், அது ஆற்றிலேயே தாமதப்பட்டபோது இறங்கித் தனியே வீடு திரும்பினார். சின்னாட்களில் கணவர் வந்து சேர்ந்தார். அவருடைய வரலாற்றை எழுதுவோர் ஆவா நகரச் சிறைக்கதையையே விரித்துரைப்பர். தனித்து இறங்கிய அந்நாளின் துணிவு அதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

இத்தனைக்கும் இடையே அவர் பர்மிய மொழியைப் பயின்றார். இரங்கூனில் வாழ்ந்த சயாமியரிடம் அவர்தம் மொழியையும் கற்று மத்தேயு நற்செய்தியை அதில் பெயர்த்தார். பர்மிய மொழியில் அவர் பெயர்த்தவை தானியேல், யோனா ஆகிய நூல்கள். புயலில் கடலுக்குள் எறியப்பட்ட யோனாவின் கதையை மொழிபெயர்த்த கை, தன் மகவைக் கடலுக்குக் கொடுத்த கை என்பதை நம் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1824இல் சென்னைப் படையும் இதே கடல்வழியே இரங்கூன்மேல் சென்றது. அப்போரில் ஜட்சன் சிறைப்பட்டார். அவர்தம் மொழிபெயர்ப்புக் கைப்படியைத் தலையணைக்குள் வைத்துக் காத்தவர் அம்மையார். போர் ஓய்ந்தபின், 1826 அக்டோபர் 24இல், கணவர் அருகில் இல்லாத வேளையில், ஆம்ஹர்ஸ்ட் என்ற கடற்கரை ஊரில் மறைந்தார். வயது முப்பத்தாறு. கைக்குழந்தை மரியா ஆறு திங்களில் தாயைப் பின்தொடர்ந்தாள். இருவரும் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பெற்றனர். ஜட்சன் 1850 ஏப்ரலில் நோயுற்றுக் கப்பலில் சென்றுகொண்டிருக்கையில் இறந்தார். தலைமகவை விட்ட அதே வங்கக் கடலில் அவருடலும் இறக்கப்பட்டது.