மட்டாஞ்சேரி ஏ. பி. சேலம்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெரு என்றொரு தெரு உண்டு. அங்கே, மகாராஜாவின் பழைய அரண்மனையை அடுத்து, 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் ஆலயம் நிற்கிறது. பரதேசி என்றால் நம் பேச்சில் இரந்துண்பவன். அங்கோ அது பெருமைப் பட்டம். தாங்கள் பிறதேசத்திலிருந்து வந்த வெள்ளையர் என்பதை உலகுக்கு அறிவிக்கும் சொல் அது. அவ்வாலயத்தில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட பிரிவில், 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். பெயரைக் கண்டு நம் சேலம் நகரத்தவரென மயங்க வேண்டா.

யூதரிடையிலும் சாதி உண்டோ என அன்பர்கள் வியக்கக்கூடும். பரதேசி யூதர்தம் வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்களுக்கு மெஷுக்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டோர், என்று பெயர். பெயரில் மட்டுமே விடுதலை இருந்தது. அவர்கள் அதே மறையை ஓதினர். அதே ஓய்வுநாளைக் காத்தனர். ஆயினும் ஆலயத்தின் ஆசனங்களில் அமரலாகாது. மறைநூலை வாசிக்க அழைக்கப்பெறார். வெள்ளையரோடு மணவுறவு கூடாது. இடுகாட்டிலும் இடம் வேறு. முழு உறுப்பினர் அல்லராதலால் ஆலயக் காரியங்களில் அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பும் இல்லை. யூத மறை இவ்வேற்றுமையை விதித்ததன்று. இந்நாட்டு வருணப் பாகுபாட்டின் காற்று அவர்கள் மீதும் வீசியது என்றே நாம் கருதுகிறோம்.

சேலம் எர்ணாகுளத்தில் கற்று, பின் சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். தொழிலாளர்க்காகப் பேசினார், காங்கிரசில் ஈடுபட்டு 1929இல் லாகூர் மாநாட்டிற்கும் சென்றார். யூத காந்தி என்ற பெயர் அவருக்கு வழங்கலாயிற்று.

1925ஆம் ஆண்டில் கொச்சி சமஸ்தானத்தில் சட்டசபை அமைந்தது. உறுப்பினர் 45 பேர். அவருள் 30 பேர் வாக்கினால் தேர்ந்தெடுக்கப்படுவோர். ஆனால் வாக்கு எல்லார்க்கும் உரியதன்று. வரி செலுத்துவோர்க்கும் கற்றோர்க்குமே உரியது. நிலமற்ற புலையர் தம்மவர் ஒருவரை அனுப்புவது எங்ஙனம்? தாழ்த்தப்பட்டோரின் குரலாகப் பண்டிதர் கறுப்பனை அரசே நியமிக்க வேண்டியதாயிற்று. 1913இல், கரையில் கூட இடம் தரப்படாத புலையரை எர்ணாகுளத்துக் காயலில் தோணிகளைப் பிணைத்துக் கூட்டியவர் அப்பெருமகனார்தாம். அச்சபையில் 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் சேலம் உறுப்பினராக விளங்கினார்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பிறப்பையும் நிறத்தையும் பார்த்தே மனிதர் வாக்களிக்கின்றனர் என்பது நாம் அறிந்த செய்தி. தன்னவனுக்கே வாக்கு என்பது வழக்கு. அவ்வாறாயின், தன்னவரே தன்னைத் தன்னவன் என ஒப்பாதபோது ஒருவன் யாரிடம் செல்வான்? சட்டசபையில் சமஸ்தானத்தின் வரவு செலவைக் குறித்து வாதிட்ட மனிதர், தம் தெருவின் ஆலயத்தில் ஓர் ஆசனத்திற்கு உரியவராய் இல்லை.

சேலம் அதைப் பொறுத்திருந்தாரில்லை. சில காலம் ஆலயத்திற்குச் செல்வதையே விடுத்தார். பின்னர் ஆலயத்தினுள்ளேயே சத்தியாக்கிரக முறையைக் கையாண்டார். அப்போராட்டத்திற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. 1924, 1925ஆம் ஆண்டுகளில் வைக்கம் வீதிகள் அதைக் கண்டிருந்தன. 1930களில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மணத்தடையோ எளிதில் அகலவில்லை. 1950இல் அவருடைய மகன் ஒருவர் வெள்ளை யூதப் பெண்ணை மணந்தபோதுங்கூட ஆலயத்தார் பலர் கொதித்தனர்.

நாம் 1956இல் அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழியில், நம்மை இழிவுபடுத்திய மதத்தை விட்டு வெளியேறினோம். சேலம் வெளியேறவில்லை, நான் யூதன், இவ்வாலயம் எனது என்ற உறுதியோடு வாசலிலேயே நின்றார். அவருக்கு அவர் மறை துணையாயிருந்தது. நமக்கு அத்தகைய துணை அங்கில்லை. இவ்விரு வழிகளையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

இசுரேல் நாடு 1948இல் தோன்றியபின் கொச்சி யூதர் பெருந்திரளாய்ப் புறப்பட்டனர். அவர்தம் பயணத்திற்காகப் பேச 1953இல் அந்நாட்டிற்குச் சென்றவரும் சேலமே. காரியத்தை முடித்துத் தாம் மட்டும் மட்டாஞ்சேரிக்குத் திரும்பி, 1967இல் அங்கேயே மறைந்தார். ஆலயத்தில் கூட்டு வழிபாட்டிற்கு வேண்டிய பத்து ஆடவர் இன்று அத்தெருவில் இல்லை. ஆலயத்திற்குச் செல்லும் வழிக்கு ஏ. பி. சேலம் சாலை என்று பெயர்.