மேதையின் மனத்தில் கவிந்த இருள்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் புகழை அறியாதார் இலர். ஆயினும், அப்பெருமகனாரின் வாழ்வில் கவிந்த மனத்துயரை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1904இல் அங்குள்ள அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். 1905இல், பதினேழாம் அகவையில், வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை.

ஓடிப்போன பிள்ளை என்று உலகம் எளிதிற் சொல்லிவிடும். அவருற்றது நோய்தான் என்று இன்று நாம் உறுதிகூற இயலாது. எனினும், வளரிளம் பருவத்து மனச்சோர்வு கண்ணீராக மட்டுமே வெளிப்படுவதில்லை. எரிச்சல், படிப்பில் திடீர்ச் சரிவு, நண்பரை விட்டு விலகல், உறக்கக் கேடு, காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி ஆகியனவும் அதன் அறிகுறிகளாகலாம். சோம்பல் என்றும் திமிர் என்றும் நாம் கடிந்துரைப்பது சிலபோது நோயாகவே இருத்தல் கூடும்.

1910இல், நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராயிருந்த வி. இராமசாமி ஐயர், அவ்விளைஞரின் குறிப்பேடுகளைக் கண்டு வியந்து ஊக்கமளித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. 1914இல் பேராசிரியர் ஹார்டியின் முயற்சியால் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கோ உலகப்போர், கடுங்குளிர், மரக்கறி உணவுத் தட்டுப்பாடு, தனிமை. 1917இல் உடல்நோய் பற்றி மருத்துவமனைகளில் தங்க நேர்ந்தது. 1918இன் தொடக்கத்தில் இலண்டன் நிலத்தடி இரயில் நிலையமொன்றில் உயிர்துறக்கத் துணிந்தார். வண்டி உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டமையால் பிழைத்தார். ஹார்டி விரைந்து சென்று காவல்துறையினரிடமிருந்து அவரை மீட்டார். அவ்வாண்டு மே மாதம் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினருமானார். அதன்பின் சிறிது ஊக்கம் பெற்று மீண்டும் ஆய்வில் ஈடுபட்டார். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல், முப்பத்திரண்டாம் அகவையில் மறைந்தார்.

மனச்சோர்வு ஒரே வடிவினதன்று. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து எதிலும் நாட்டமின்றிச் செய்வது ஒன்று. ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிப்பது மற்றொன்று. மகப்பேற்றையொட்டித் தாயரை வாட்டுவதும் உண்டு. பெருங்கிளர்ச்சியும் ஆழ்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோயும் உண்டு. யாவற்றிற்கும் மருத்துவம் உண்டு.

கம்மாபுரம், நெய்வேலி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து தமிழ்வழியிற் பயின்று வந்து, ஆங்கிலத்தாளில் தவறியதால் குன்றிக் கடைசி வரிசையில் அமரும் மாணவர் நம் வகுப்பறையிலும் இருப்பர். அத்தகையோரிடம், உனக்கு என்ன வருத்தம் என்று பரிவுடன் வினவுதல் ஆசிரியர் கடனும் தோழர் கடனும் ஆகும். உயிர்விடும் எண்ணம் வந்ததுண்டா என்று நேரே கேட்டலும் தவறன்று. அக்கேள்வி அவ்வெண்ணத்தைத் தூண்டாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். 14416 என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் நாடலாம்.

இராமானுஜனுக்கு ஓர் இராமசாமி ஐயரும் ஒரு ஹார்டியும் வாய்த்தனர். நம் அருகிலிருக்கும் இளைஞருக்கு நாம் வாய்ப்போமாக.