மெஷின் மாறினாலும் வேலை வீணாகாது: கேரி கில்டால் கதை



ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெங்களூரு வண்டியின் கண்டக்டர் பன்னி, பன்னி என்று கூப்பிடுவார். தருமபுரி பக்கத்திலிருந்து முதல் தடவை வந்தவன் முகம் சிவந்து போவான். கன்னடத்தில் அதற்கு வாருங்கள் என்று மரியாதையான அர்த்தம். ஒரே சத்தம், ரெண்டு பொருள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் நம்ம ஊரில் இது சிரிப்போடு போய்விடும். ஆனால் இதே மாதிரி ஒரு சொல் என்னை ஒரு பட்டறையில் தலைகுனிய வைத்தது. அதைச் சொன்னால்தான் நான் எழுத வந்த மனிதரின் அருமை விளங்கும்.

ரெண்டாம் வருட லீவில் சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டுக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனேன். அங்கே காயில் சுற்றும் பழைய மெஷின் ஒன்று. எத்தனை சுற்று என்று எண்ணி நிறுத்துவது ஒரு 8085 போர்டு. அதிலிருந்த ஈப்ராம் செத்துப் போயிருந்தது. புரோகிராம் எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிட்டார். மிச்சம் இருந்தது நாலு பக்க பிரின்ட் அவுட். அதிலும் மெஷின் கோடு இருந்த இடது ஓரத்தை எலி தின்றுவிட்டது. பழைய இரும்புக்குப் போட்டுடலாம் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். பல வருஷமாக அதை ஓட்டி வந்த அண்ணனுக்கோ, மெஷின் போனால் வேலையும் போகும். நான் செய்து தர்றேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

பிரின்ட் அவுட்டில் இருந்தது இன்டெல் முறை. எனக்கு இலவசமாகக் கிடைத்த அசெம்பிளருக்குத் தெரிந்தது சைலாக் முறை மட்டும். 1974-ல் இன்டெல் 8080 வந்தது. 1976-ல் சைலாக் கம்பெனியின் இசட் 80 வந்தது. 8080-ன் மெஷின் கோடு இசட் 80-ல் அப்படியே ஓடும். ஆனால் எழுதும் சொற்களை சைலாக் மாற்றிவிட்டது. இன்டெல்லில் மூவ் ஏ, எம் என்று எழுதுவதை சைலாக்கில் எல்.டி. ஏ, அடைப்புக்குறிக்குள் ஹெச்.எல். என்று எழுத வேண்டும். ரெண்டுக்கும் மெஷின் கோடு 7இ-தான். நம்ம 8085-க்கும் அதே கோடுதான்.

ஆக, சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். அசெம்பிளர் எர்ரர் காட்டிய வரியை எல்லாம் திருத்தினேன். எர்ரர் காட்டாத வரியைத் தொடவில்லை. ஈப்ராமில் ஏற்றி, போர்டில் செருகி, சுவிட்ச் போட்டோம். மெஷின் எண்ணியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அண்ணன் ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்வதற்குள் கம்பி இழுபட்டு அறுந்து, ஒரு ரீல் வீண். முதலாளி எதுவும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

லேப் சாரிடம் தாளைக் காட்டினேன். பத்தே நிமிஷத்தில் ஒரு வரியில் விரல் வைத்தார். ஜே.பி. என்ற சொல். இன்டெல்லில் அதற்கு, விடை பிளஸ் என்றால் மட்டும் தாவு என்று பொருள். மெஷின் கோடு எஃப்2. சைலாக்கில் அதே ஜே.பி. என்றால் எதையும் பார்க்காமல் தாவு. மெஷின் கோடு சி3. கழித்த விடை மைனஸ் ஆனதும் நிற்க வேண்டிய மெஷின், எது வந்தாலும் திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறது. கண்டக்டர் சொன்ன பன்னிதான்! சி.பி. என்ற சொல்லும் இதே ரகம். அங்கே பிளஸ் என்றால் கால் செய், இங்கே ஒப்பிட்டுப் பார். அசெம்பிளர் கத்தும் பிழையை விட, அது சந்தோஷமாக விழுங்கும் பிழைதான் ஆபத்து என்று சார் சொன்னார். கேரி கில்டால் என்பவரைப் பற்றிப் படிச்சுட்டு வா என்றும் அனுப்பினார். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கேரி கில்டால் 1942 மே 19-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பல் ஓட்டும் கலையைச் சொல்லித் தரும் பள்ளி அவருடைய குடும்பத்துச் சொத்து. அவருக்கும் வாத்தியார் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிக்கப் போய் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டார். 1972-ல் டாக்டர் பட்டம். கட்டாய ராணுவ சேவையை நிறைவேற்றும் விதமாக, கலிபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில் உள்ள கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

1971-ல் இன்டெல் 4004 என்ற முதல் மைக்ரோ பிராசசர் சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய கம்ப்யூட்டரையே கண்ட பேராசிரியர்கள் பலருக்கு அது பொம்மை. கில்டாலுக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டரில், 4004 போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டர் எழுதினார். இன்டெல்லுக்கு ஆலோசகராகப் போனார். 1973-ல் பி.எல்.எம். என்ற மொழியை அவர்களுக்காக உருவாக்கினார்.

அடுத்து ஃபிளாப்பி டிஸ்க். ஷுகார்ட் கம்பெனியின் டிரைவ் ஒன்று அவரிடம் இருந்தது. அதை 8080-யோடு சேர்க்கும் கன்ட்ரோலர் போர்டு செய்ய அவருக்கு வரவில்லை. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் இதைக் கவனிக்கவும்! கடைசியில் ஜான் டொரோட் என்ற நண்பர் போர்டு செய்து கொடுத்தார். அதன் மேல் 1974-ல் ஓடியதுதான் சி.பி.எம். என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். இன்டெல் அதை வேண்டாம் என்றது. கில்டாலும் மனைவி டோரதியும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனி தொடங்கித் தாங்களே விற்றார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு தினுசு. ஒவ்வொன்றுக்கும் சி.பி.எம்.மை முழுசாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. கில்டால் யோசித்தார். மெஷினைப் பொறுத்து மாறும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து பயாஸ் என்று பெயர் வைத்தார். மற்றதெல்லாம் எல்லா மெஷினிலும் ஒன்றே. இன்று நம் வாயில் சாதாரணமாகப் புழங்கும் பயாஸ் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். ஆஸ்பார்ன், கேப்ரோ, ஆம்ஸ்டிராட், கொமடோர் 128 என்று வீட்டு மேஜைக்கு வந்த பல கம்ப்யூட்டர்களில் சி.பி.எம். ஓடியது.

1978-ல் இன்டெல் 8086 வந்தது. 8080-ன் மெஷின் கோடு இதில் ஓடாது. அப்படியானால் அதுவரை எழுதிய புரோகிராம் எல்லாம் குப்பைக்கா? அசெம்பிளி சோர்ஸ் ஃபைலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வழி இருந்தது. ஏ ரிஜிஸ்டர் ஏ.எல். ஆகும். ஹெச்.எல். ஜோடி பி.எக்ஸ். ஆகும். பி.சி. ஜோடி சி.எக்ஸ். ஆகும். டி.இ. ஜோடி டி.எக்ஸ். ஆகும். ரொம்ப ஈஸி போலத் தெரியும். பிரச்சினை ஃபிளாக்கில் இருக்கிறது.

ஐ.என்.எக்ஸ். ஹெச். எந்த ஃபிளாக்கை மாற்றும் என்ற கேள்விக்கு, எதையும் மாற்றாது என்று எழுதினால் ஒரு மார்க். 8086-ல் அதற்கு இணையான இன்க் பி.எக்ஸ். ஜீரோ ஃபிளாக்கை மாற்றிவிடும். முந்தைய ஒப்பீட்டின் விடையைப் பார்த்துத் தாவ வேண்டிய வரி கீழே இருந்தால், தவறான இடத்துக்குத் தாவும். ஒவ்வொரு இடத்திலும் ஃபிளாக்கை எடுத்து வைத்து, பிறகு திருப்பிப் போட்டால் தப்பிக்கலாம். ஆனால் புரோகிராம் ஊதிப் பெருத்துவிடும்.

1981-ல் டிஜிட்டல் ரிசர்ச் வெளியிட்ட எக்ஸ்.எல்.டி. 86 இதற்குத்தான் வந்தது. அது வரிக்கு வரி மாற்றுவதோடு நிற்காது. புரோகிராம் முழுவதையும் பார்த்து, எந்த ரிஜிஸ்டர், எந்த ஃபிளாக் பின்னால் உண்மையில் தேவைப்படுகிறது என்று கண்டுபிடிக்கும். தேவையில்லாத இடத்தில் சேமிக்காது. இதற்கு அடிப்படை கில்டால் தன் டாக்டர் பட்ட ஆய்வில் உருவாக்கிய டேட்டா ஃபுளோ முறை. 1973-ல் அவர் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். கம்பைலர் எழுதுபவர்கள் இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள்.

விதியின் விளையாட்டையும் பாருங்கள். 1980-ல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் 8086-க்கு ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். மாற்றப்பட்ட பழைய புரோகிராம்கள் சுலபமாக ஓடட்டும் என்று, சி.பி.எம்.மில் இருந்த கால்களைப் போலவே இதிலும் வைத்தார். இசட் 80 சோர்ஸை 8086-க்கு மாற்ற டிரான்ஸ் என்ற புரோகிராமும் கூட வந்தது. 1981-ல் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. ஐ.பி.எம். பி.சி.யோடு டாஸ் ஆக வெளிவந்தது அதுவே.

ஐ.பி.எம். ஆட்கள் 1980-ல் கில்டாலின் கம்பெனிக்கும் வந்தார்கள். அவர் விமானத்தில் ஜாலியாகச் சுற்றப் போனதால் வாய்ப்பை விட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அவர் போனது வியாபார வேலையாக. ஐ.பி.எம். நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டோரதியும் வக்கீலும் தயங்கினார்கள். பேச்சு முடிவாகவில்லை. பிறகு ஐ.பி.எம். பி.சி.க்கு அவருடைய சி.பி.எம். 86-ம் விற்பனைக்கு வந்தது. விலை 240 டாலர். டாஸ் 40 டாலர். ஜனங்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ!

1991-ல் டிஜிட்டல் ரிசர்ச்சை நோவெல் கம்பெனி வாங்கியது. 1994 ஜூலை 11-ல், தலையில் அடிபட்ட சில நாளில், 52 வயதில் கில்டால் காலமானார். பசிபிக் குரோவ் ஊரில் அவர் வேலை செய்த வீட்டின் முன் 2014-ல் ஐ.இ.இ.இ. அமைப்பு நினைவுப் பலகை பதித்தது. பலரும் அவரைத் தோற்றவர் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மெஷின் மாறும்போது மனிதன் செய்த வேலை செத்துவிடக் கூடாது என்பதற்கு வழி செய்தவர் அவர்.

இனி என் கதை. புத்தகத்தின் பின்னால் இருக்கும் 8085 சார்ட்டை வைத்து, பிரின்ட் அவுட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஹெக்ஸ் கோடு கையால் எழுதினேன். அசெம்பிளர் கொடுத்ததோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டேன். மூணு சாயங்காலம் ஆனது. ஜே.பி. தவிர இன்னும் ஒரு ஜே.பி. மாட்டியது, பக்கம் மூன்றில். ரெண்டாவது தடவை சுவிட்ச் போட்டபோது அண்ணன் மெயின் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். மெஷின் எண்ணியது. நின்றது. அண்ணன் கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

நண்பர்களே, நம்ம சிப்காட்டில் இப்படி எத்தனையோ போர்டுகள் எழுதியவர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. டிரெயினிங் போகிறவர்கள் அந்தப் பழைய தாள்களைத் தேடி ஒரு காப்பி எடுத்து வையுங்கள். எலிக்கு முன்னால் நாம் போய்ச் சேர வேண்டும்!

மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு