கியூரி அம்மையாரின் விரல்கள்

மேரி கியூரி அம்மையாரை நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். றேடியத்தைக் கண்டுபிடித்தவர், இரண்டு தரம் நோபல் பரிசு எடுத்தவர் என்று எழுதினால் சோதனையில் புள்ளி கிடைத்தது. அவருடைய விரல்களைப் பற்றி எனக்கு ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இந்தப் புத்தாண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

1867 இல் வார்சோவில் பிறந்தவர். அப்போது போலந்து என்ற நாடு உலகப் படத்திலேயே இல்லை. வார்சோ ருஷ்யாவின் கையில். பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகக் கதவும் திறக்கவில்லை. பத்து வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்த இந்தப் பிள்ளை, பிறகு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து, அந்தக் காசில் தமக்கை பரிசில் டொக்டருக்குப் படிக்க உதவினார். தன் முறை வந்து 1891 இல் பரிசுக்குப் போகும்போது வயது 24 ஆகப் போகிறது. 1898 இல் கணவர் பியருடன் கண்டுபிடித்த முதல் மூலகத்துக்கு, படத்தில் இல்லாத தன் நாட்டின் பேரையே வைத்தார்: பொலோனியம். எங்கட சனத்துக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அதே ஆண்டில் றேடியம். தொன் கணக்கான தாதுக் கழிவை ஒழுகுகிற கொட்டிலுக்குள் காய்ச்சிக் கிண்டி, 1902 இல் மிஞ்சியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு றேடியம் குளோரைட்டு. இரவில் அது மினுங்குவதை இருவரும் போய் ஆசையோடு பார்ப்பார்களாம். இதற்கிடையில் விரல் நுனிகள் தடித்து, தோல் உரிந்து, நோகத் தொடங்கிவிட்டது. பெக்கரெல் என்ற விஞ்ஞானி றேடியக் குழாயைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்ததில் அவருக்கும் தோல் வெந்தது. பியர் வேண்டுமென்றே தன் கையில் கட்டி வைத்துப் பார்த்தார். முதலில் சிவந்தது, பிறகு புண்ணானது, ஆறப் பல கிழமை எடுத்தது. 1901 இல் இருவரும் இதை எழுதி வெளியிட்டார்கள்.

நல்ல தோலை அழிப்பது கெட்ட கட்டியையும் அழிக்குந்தானே என்று டொக்டர்மார் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் கறண்ட் பிடிக்கிறது என்று சொல்லுகிற வைத்தியத்தின் தொடக்கத்தில் இந்தப் புண்ணும் இருக்கிறது.

கதிருக்கு நல்ல கலம், கெட்ட கலம் என்று தெரியாது. கலத்துக்குள் உள்ள டிஎன்ஏயை அறுக்கும். வேகமாகப் பெருகுகிற கலம் முதலில் அடிபடும். புற்றுநோய்க் கலம் அப்படியானது. தோல், வாயின் உட்புறம், குடல், மயிர்வேர், எலும்பு மச்சை எல்லாம் அப்படியானவைதான். ஆகையால் கழுத்துக்குப் பிடித்தால் வாய் புண்ணாகும், வயிற்றுக்குப் பிடித்தால் வயிற்றோட்டம் வரலாம். தலைக்குப் பிடித்தால்தான் தலைமயிர் கொட்டும். சில பாதிப்புகள் மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். ஆனால் நல்ல கலத்துக்கு நேரம் கொடுத்தால் காயத்தைப் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும். அம்மையாரின் றேடியம் நிலையத்தில் உயிரியல் பகுதியை நடத்திய ரெகோ என்பவர் ஆட்டுக்கடாக்களில் இதைக் காட்டினார். ஒரேயடியாகக் கொடுத்தால் தோல் வெந்துபோகும். பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்தால் உள்ளே வேலை முடியும், தோல் தப்பும். என் மனைவி ஐந்து கிழமை ஆஸ்பத்திரிக்கு நடந்ததும் இதனால்தான். அந்த நாட்களில் சிலர் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர யோசித்தார்கள். பாருங்கோ, வெளியிலிருந்து மெசின் அடிக்கிற கதிர் உடம்பில் தங்காது. பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்திருக்கலாம். உள்ளுக்கு மருந்து வைத்தவர்களுக்குத்தான் வேறு கட்டுப்பாடு.

1906 இல் பியர் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். அவருடைய ஆசிரியப் பதவியை அம்மையார் ஏற்றார். முதலாம் உலகப்போரில் எக்ஸ்றே வண்டிகளோடு, மகள் ஐரீனும் சேர, போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். பாதுகாப்பு அப்போது மிகக் குறைவு. பிறகு கண்ணில் புரை விழுந்து பலமுறை சத்திரசிகிச்சை. றேடியத்தைக் குற்றம் சொல்ல அவர் லேசில் ஒப்பவில்லை. பெற்ற பிள்ளையைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? 1934 ஜூலை 4 இல், 66 வயதில் இறந்தார். எலும்பு மச்சை இரத்தம் ஊறவிடாமல் நின்றுபோன நோய்.

1995 இல் அவரைப் பரிசின் பந்தெயோனுக்கு மாற்றத் தோண்டியபோது, பெட்டிக்குள் கதிர் எதிர்பார்த்ததிலும் குறைவாகவே இருந்தது. றேடியத்தைவிடப் போர்க்கால எக்ஸ்றேதான் கூடக் கெடுத்திருக்கும் என்று அப்போது ஆய்ந்தவர்கள் நினைத்தார்கள். அவருடைய குறிப்புக் கொப்பிகளோ இன்றும் ஈயப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. றேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் செல்லும்.