வால்ட்டர் பெர்னால்ட்: கணக்குக்குத் தலைவணங்கிய வைத்தியர்

பள்ளிப் பருவம் முடிந்தபின் பிள்ளையின் கதி என்ன என்ற கவலை எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்களுக்கோ அது தீராக் கவலை. வேலை எது, வீடு எது, தங்கள் காலத்துக்குப் பிறகு துணை யார்? இக்கேள்விக்குத் தவறான விடையை உரத்துக் கூறி, பின்னர் அவ்விடை தவறென்பதைத் தாமே ஆராய்ந்து உலகுக்கு அறிவித்த ஒருவரின் சரித்திரம், பொது வாழ்வில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத்தக்கதாகும்.

வால்ட்டர் பெர்னால்ட் 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெயின் மாகாணத்தில் பிறந்தார். 1881ல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1887ல், 28ஆவது வயதில், மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கென நடந்துவந்த பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அப்பள்ளியை 1848ல் ஸ்தாபித்தவர், பார்வையற்றோர் கல்விக்கும் அரும்பாடுபட்ட சாமுவேல் கிரிட்லி ஹௌ. பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் பயிற்சியளித்து வீட்டுக்குத் திருப்பியனுப்ப வேண்டுமென்பதே அவருடைய நோக்கம். ஆனால் பயிற்சி பெற்றவர்களை ஏற்பதற்கு வெளியுலகில் எவ்வித ஏற்பாடும் இருக்கவில்லை. பெற்றோர் முதுமையடைந்தனர், வேலை கொடுப்பாரைக் காணோம். வந்தவர்கள் அங்கேயே தங்கினர். நாளடைவில் பள்ளி காப்பகமாயிற்று. பெர்னால்ட் அதைத் தெற்கு பாஸ்டனிலிருந்து வேவர்லிக்கு மாற்றி விரிவுபடுத்தினார். வயது வந்த ஆண்களுக்காக டெம்பிள்டனில் விவசாயக் குடியிருப்பு ஒன்றையும் அமைத்தார்.

காப்பகத்தின் சுவர்கள் உயர்ந்தபோது, அவற்றுக்கேற்ற கொள்கையும் உடன் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. 1912ல் மாஸாசூஸெட்ஸ் வைத்தியச் சங்கத்தின் முன் பெர்னால்ட் நிகழ்த்திய சொற்பொழிவில், இவர்கள் சமூகத்துக்குப் பெரும் பாரம் என்றும், வறுமைக்கும் குற்றத்துக்கும் ஊற்று என்றும் கடுமையாகப் பேசினார். இத்தகைய கொள்கைகளால் எண்ணற்றோர் ஆயுள் முழுதும் அடைபட்டனர். அவருடைய புகழ் அக்கொள்கைக்கு வலிமையூட்டிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. 1890 முதல் 1914 வரையிலான 25 ஆண்டுகளில் தம் ஸ்தாபனத்தை விட்டு வெளியேறிய 1,537 பேரின் நிலையை விசாரிக்க முற்பட்டார். இவர்களில் பலர், அவருடைய ஆலோசனைக்கு மாறாக உறவினர் அழைத்துச் சென்றவர்கள். 612 பேர் வேறு ஸ்தாபனங்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். 279 பேரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை. எஞ்சிய 646 பேரில் ஆண்கள் 470 பேர். அவர்களில் 28 பேர் எவர் மேற்பார்வையுமின்றித் தாமே சம்பாதித்து வாழ்ந்தனர். 86 பேர் வீட்டிலிருந்தபடி ஒழுங்காகக் கூலி வேலைக்குச் சென்றனர். 77 பேர் வீட்டு வேலைகளில் உதவினர். சிறைத் தண்டனை பெற்றவர் 23 பேரே.

1919ல் இம்முடிவுகளை வெளியிட்டார். எல்லோரும் சமூகத்துக்கு அபாயம் என்ற வாதம் இவ்வெண்களின் முன் நிற்க முடியவில்லை. பராமரிப்புள்ள வீடு, தக்க வேலை, கவனிக்கும் நண்பர் இவை வாய்த்தால் பலர் ஊரிலேயே வாழலாம் என்பது வெளிப்பட்டது. அது முதல் பெர்னால்ட், தகுதியுள்ளோரை மேற்பார்வையுடன் வெளியே அனுப்பும் முறையை ஆதரித்தார். வேவர்லி வைத்தியர்கள் ஊர் ஊராகச் சென்று மாணவர்களைப் பரிசோதித்தனர். கல்வியில் மூன்றாண்டு பின்தங்கிய பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள ஊர்களில் தனி வகுப்பு நடத்த வேண்டுமென 1919ல் மாஸாசூஸெட்ஸ் சட்டம் இயற்றியது. பெர்னால்ட் 1924ல் காலமானார்.

அவர் கற்ற பாடத்தை அவருக்குப் பின் வந்தோர் மறந்தனர். 1925ல் அவர் பெயர் சூட்டப்பட்ட பள்ளியிலேயே, 1946க்கும் 1953க்கும் இடையே, பெற்றோருக்கு உண்மையைத் தெரிவிக்காமல் சிறுவர்களுக்குக் கதிரியக்கம் கலந்த உணவளித்து ஆராய்ச்சி நடந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் எதுவும் நடக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அப்பள்ளி 2014ல் மூடப்பட்டது.

அதே மாகாணம் 1983ல் இயற்றிய சட்டம், 22 வயதில் பள்ளியை விடும் மாணவருக்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே அடுத்த ஏற்பாட்டைத் திட்டமிடப் பணிக்கிறது. அமெரிக்க மத்திய சர்க்காரும் 1990ல் பள்ளிகளுக்கு இத்தகைய திட்டமிடும் கடமையை விதித்தது. ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. பள்ளிக் கல்வி உரிமையாக இருக்கிறது. அதன் பின் கிடைக்க வேண்டிய உதவியோ பெரும்பாலும் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்திருக்கிறது. திட்டம் காகிதத்தில் இருக்க, மனிதன் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பது இதன் பயனே.

கல்விக்குப் பணம் செலவிடும் சர்க்கார், கற்றவன் வாழ வழி செய்யாவிடில் அச்செலவு விழலுக்கு இறைத்த நீராகும். சட்டசபைகளில் பேசுவோரும் அவர்களுக்கு வாக்களிப்போரும் பள்ளியை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்று பெர்னால்டைப் போல் தேடிக் கணக்கெடுக்க வேண்டும். வரும் விடை தம் அபிப்பிராயத்துக்கு விரோதமாயினும் அதை ஏற்கும் நேர்மையும் வேண்டும்.