தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ரிஷிகேசம் வரை: சுவாமி சிவானந்தர்



தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகாதவங்க நம்மில் குறைவு. அந்த வட்டாரத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் சிவானந்த ஆசிரமம் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும், யாரோ இமயமலைச் சாமியார்னு நினைச்சுக் கடந்து போயிருப்போம். ஆனால் அந்தச் சாமியார் காவி கட்டுவதற்கு முன்பு பத்து வருடம் நம்ம நாட்டில் வாழ்ந்தவர். ரப்பர் தோட்டத்து லயங்களில் காய்ச்சலோடு கிடந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு மருந்து கொடுத்தவர். அவரது கதை மருத்துவம் படிக்க ஆசைப்படும் ஒவ்வொருவரும் தெரிஞ்சிருக்க வேண்டிய கதை.

1887 செப்டம்பர் 8-ஆம் தேதி, திருநெல்வேலிக்கு அருகே பத்தமடையில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் குப்புசாமி. தந்தை வெங்கு ஐயர், தாய் பார்வதி அம்மாள். எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பையும் திருச்சியில் கல்லூரிப் படிப்பையும் முடித்தபின், தஞ்சாவூரில் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். விடுமுறை வந்தால் மற்ற மாணவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். குப்புசாமியோ ஆஸ்பத்திரியை விட்டு நகரமாட்டார். அறுவை சிகிச்சை அறைக்குள் போய்ப் பார்க்க அவருக்குத் தனியாக அனுமதியும் கிடைத்தது. மேல் வகுப்பு மாணவர்கள் திணறும் கேள்விகளுக்குக்கூட இவர் பதில் எழுதினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1909-ல், இருபத்திரண்டு வயதில், திருச்சியிலிருந்து 'அம்புரோசியா' என்ற மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். முதல் செலவுக்கு அம்மா கொடுத்தது நூறு ரூபாய். போதிய கட்டுரைகள் வராதபோது அவரே பல புனைபெயர்களில் எழுதிப் பக்கங்களை நிரப்பினார். நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்பது சாதாரண மக்களுக்கும் தெரிய வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்த இதழ் நடந்தது.

1913-ல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். ஆசாரமான குடும்பம் என்பதால் கப்பல் சாப்பாட்டைத் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரங்களையே சாப்பிட்டு, சிங்கப்பூரில் இறங்கும்போது பாதி உயிராக இருந்தார். இன்றைக்கு ரஷ்யாவுக்கோ இந்தோனேசியாவுக்கோ மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் பெட்டியில் ஊறுகாயும் இட்லிப் பொடியும் வைத்துக்கொண்டு போறாங்க இல்லையா? ஏறக்குறைய அதே கதைதான்!

அன்றைய மலாயா எப்படி இருந்தது? கோலாலம்பூரில் மருத்துவக் கல்லூரியே கிடையாது. 1905-ல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் மலாயா முழுவதற்கும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறை வந்ததே 1960-களில்தான். நோயோ எங்கும் இருந்தது. நம்ம கிள்ளானிலும், 1901-ல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத் தண்ணீரை வடியவைத்து அங்கே நோயைக் குறைத்துக் காட்டினார். ஆனால் காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களில் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் வந்த நம் மக்கள் தொடர்ந்து காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சூழலில்தான் குப்புசாமி ஓர் அறிமுகக் கடிதத்தோடு சிரம்பானுக்குப் போனார். அங்கே டாக்டர் பார்சன்ஸ் அவரைப் பக்கத்துத் தோட்டத்தின் துரை ராபின்ஸிடம் அனுப்பினார். துரை ஆஜானுபாகு, கோபக்காரர். ஓர் ஆஸ்பத்திரியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாராம். மூன்று ஆஸ்பத்திரி என்றாலும் பார்த்துக்கொள்வேன் என்று பதில் சொன்னார் இந்த இளைஞர். மாதம் 150 வெள்ளி சம்பளத்தில் வேலை கிடைத்தது.

ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அந்தத் தோட்ட ஆஸ்பத்திரியில். நோயாளியைப் பார்ப்பது, மருந்து இருப்பைக் கவனிப்பது, கடிதம் எழுதுவது எல்லாம் அவர் தலையில். ராத்திரி முழுக்கக் கண்விழித்து நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஏழைகள் குணமாகி வீட்டுக்குப் போகும்போது, சத்தாகச் சாப்பிடச் சொல்லித் தன் கையிலிருந்து காசும் கொடுப்பார். வேலை தேடி வந்த இளைஞர்களுக்குச் சோறு போட்டு, ஆஸ்பத்திரி வேலை பழக்கி, வேறு இடங்களுக்கு அனுப்பிவைத்தார். பிறகு ஜொகூரில் டாக்டர் பார்சன்ஸுடன் மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தார். மலாயாப் பத்திரிகைகளிலும் சுகாதாரக் கட்டுரைகள் எழுதினார்.

நல்ல சம்பளம், நல்ல பேர். அப்புறம் ஏன் எல்லாத்தையும் விட்டார்? அவர் சிகிச்சை செய்த ஒரு சாது, 'ஜீவ பிரம்ம ஐக்கியம்' என்ற வேதாந்த நூலை அவரிடம் கொடுத்தார். உடம்பின் நோயை மருந்தால் தீர்க்கலாம். மனிதனின் துன்பத்துக்கு வேர் வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் வலுத்தது. 1923-ல் வேலையை உதறிவிட்டு இந்தியா திரும்பினார். யாத்திரையாக வடக்கே நடந்து, 1924 ஜூன் 1-ஆம் தேதி ரிஷிகேசத்தில் சுவாமி விஸ்வானந்த சரஸ்வதியிடம் சந்நியாசம் பெற்றார். டாக்டர் குப்புசாமி, சுவாமி சிவானந்தர் ஆனார்.

இதுக்கப்புறம்தான் முக்கியமான விஷயம். அவர் பணத்தை விட்டார், பேரை விட்டார், குடும்பத்தை விட்டார். மருத்துவத்தை விடவில்லை! குளிரிலும் வயிற்றுநோயிலும் அவதிப்பட்ட சாதுக்களுக்கு மருந்து கொடுத்தார். 1927-ல் தன் காப்பீட்டுப் பணம் கைக்கு வந்ததும் லட்சுமண்ஜூலாவில் ஓர் இலவச மருந்தகம் திறந்தார். ஒருமுறை பத்ரிநாத் போகும் யாத்ரீகர் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். மறுநாள் அதைவிட நல்ல மருந்து ஒன்று நினைவுக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஐந்து மைல் ஓடிப்போய் அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். இத்தனைக்கும் கேட்பார் இல்லை, கட்டணம் இல்லை.

1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். ஆசிரமத்தோடு மருத்துவமனையும் வளர்ந்தது. தொழுநோயாளிகளுக்கும் உதவி கிடைத்தது. யோகம், வேதாந்தம், உடல்நலம் என்று இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். சின்மயானந்தர் அவரிடம் சந்நியாசம் பெற்றவர்தான். 1963 ஜூலை 14-ஆம் தேதி மகாசமாதி அடைந்தார்.

இன்று நம் பிள்ளைகளின் நிலை எளிதல்ல. எஸ்.பி.எம்.மில் நிறைய ஏ எடுத்தும் இடம் கிடைக்காமல் தவிக்கிறாங்க. அப்பா அம்மா வீட்டை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. படித்து முடித்து ஹவுஸ்மன் ஆனாலும், 2016 முதல் ஒப்பந்த வேலைதான். 2021 ஜூலையில் இளம் டாக்டர்கள் கருப்பு உடையில் வெளிநடப்பு செய்ததை நாம் மறக்கவில்லை. அவர்கள் கேட்டது நியாயம். சேவை என்று சொல்லி உழைப்புக்கு உரியதைத் தராமல் இருப்பது தர்மம் ஆகாது. சிவானந்தர் பணத்தைத் துறந்தது அவராக எடுத்த முடிவு; அதை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது.

ஆனால் ஒன்று. மருத்துவ சீட் கிடைக்காத தம்பி தோற்றுப்போனவன் இல்லை. நோயாளி பக்கத்தில் உட்கார நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் என்று எத்தனையோ வழி இருக்கு. சீட் கிடைத்த தங்கையும் ஒன்றை நினைவில் வைக்கணும். லயத்தில் கிடந்த கிழவிக்கும் சம்பளம் கொடுத்த துரைக்கும் ஒரே கவனத்தோடு மருந்து கொடுத்த ஒருவர் இந்த மண்ணில் நடந்திருக்கிறார்.

அடுத்த தைப்பூசத்தில் பத்துமலையில் முதலுதவிக் கூடாரங்களைப் பார்ப்பீங்க. கால் கொப்பளித்த பக்தருக்கு மருந்து தடவ அங்கே ஆள் எப்போதும் போதாது. இரண்டு மணி நேரம் கொடுங்க. நம்ம குப்புசாமி டாக்டருக்கு அதைவிட நல்ல காணிக்கை வேறெது?